கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ், ரோஜா

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் வாசனை மேடம். முதல் மாடியில், ஒரு தையல் கடைக்கும் எப்போதும் பூட்டியே கிடக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவில் அவளுடைய அறை. படியேறி வருகிறவர்கள் பெயர்ப்பலகையைத் தேட வேண்டியதில்லை. பாதிப் படியிலேயே லாவெண்டரும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை வந்து கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போகும்.

"கூட்டிட்டுப் போகட்டும், வேண்டாங்கல. ஜாக்கெட் தைக்க வர்றவங்களையும் சேத்துல்ல இழுத்துட்டுப் போகுது" என்று பக்கத்துத் தையல்காரி குறைப்பட்டுக்கொள்வாள். ஆனால் தலைவலி வந்தால் முதலில் ஓடி வருகிறவளும் அவள்தான்.

வாசனை மேடம் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. அவளுடைய அம்மா பல வருஷம் படுக்கையில் கிடந்தார். மருந்து நெடியும் ஈரத்துணி நெடியுமாக, அந்த வீட்டுக்குள் சொந்தக்காரர்கள் வருவதே நின்றுபோனது. கட்டு மாற்ற வரும் நர்ஸ் ஒரு நாள் சின்னப் புட்டி ஒன்றைக் கொடுத்து, "ரெண்டு சொட்டு பஞ்சுல விட்டு ஜன்னல் பக்கமா வைங்க" என்றாள். வைத்தாள். நெடுநாளாக வாயே திறக்காத அம்மா மூச்சை நன்றாக இழுத்து விட்டுவிட்டு, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். யாரும் வரவில்லை. லாவெண்டர்தான் வந்திருந்தது.

அம்மா போன பிறகு பார்த்தால் அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்செல்லாம் அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே கரைந்துபோயிருந்தது. கையில் மிஞ்சியது அந்தப் புட்டியும் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும்தான். முறையாகப் படித்தாள், சான்றிதழ் வாங்கினாள், அறையை வாடகைக்குப் பிடித்தாள். வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள்: "இது மருந்து இல்லீங்க. டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திடாதீங்க. மனசு கொஞ்சம் சாஞ்சு உக்கார ஒரு இடம், அவ்வளவுதான்."

பஸ் டிரைவர் ஒருவரை ஒரு நாள் அவருடைய மகள் கூட்டிக்கொண்டு வந்தாள். அதே தெருவில் இருந்த பேங்கில் வேலை பார்த்தவள், தலைவலிக்காக அடிக்கடி வருகிறவள். அவளுக்குக் கணவன் இருக்கும் ஊருக்கே மாற்றல் ஆகியிருந்தது.

"நான் அடுத்த வாரம் கிளம்பறேன் மேடம். அப்பா இனிமே தனியா இருப்பார். அம்மா போனதுலேர்ந்தே இவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. பஸ் ஓட்டறவர், தூங்காம எப்படி? நீங்கதான் பாத்துக்கணும்."

பின்னால் நின்றிருந்தவர் உயரமாக, காக்கிச் சட்டையில், செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் விழித்தார். தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். பணி ஓய்வுக்கு அதிக காலம் இல்லை. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில், பிரேக்கில் கால் வைத்திருப்பவரைப் போல உட்கார்ந்தார்.

அவள் அவருக்காக லாவெண்டரும், ஆரஞ்சு மாதிரி ஒரு பழத்தோலில் எடுக்கிற பெர்கமாட்டும் எடுத்து, வாசனை சீக்கிரம் பறந்துவிடாமல் அடியில் நிற்க வெட்டிவேர் ஒரு சொட்டு சேர்த்து, பாதாம் எண்ணெயில் கலந்தாள். உள்ளங்கையில் தேய்த்துவிட்டபோது ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன தோல் அவளுடைய விரல்களில் உரசியது.

"கையைக் குவிச்சு முகத்துக்கிட்ட வெச்சு மெதுவா இழுங்க. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்."

"ரொம்ப காட்டமா இல்லையே?"

"இல்லல்ல. பிரமாதம்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் சொருகியது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் சாய்ந்து, கழுத்து ஒரு பக்கம் விழுந்து, வாய் லேசாகத் திறந்து, நிம்மதியாகத் தூங்கிப்போனார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதன்பின் வாராவாரம், ஓய்வு நாளில், காலையில் வந்துவிடுவார். முதலில் அரை மணி தூக்கம், அப்புறம் அரை மணி பேச்சு. பேச்சு என்றால் எல்லாம் ரோட்டுப் பேச்சுதான். எந்தப் பாலத்தில் பஸ் தூக்கிப் போடும், எந்த ஊர் ஆட்கள் நிறுத்தத்துக்கு முன்னாலேயே எழுந்து நின்று கத்துவார்கள், ஜன்னல் சீட்டுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் எப்படிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். அவள் கலந்துகொண்டே சிரிப்பாள். ஊரே சுற்றாதவள், அந்த அறைக்குள் உட்கார்ந்தபடியே ஊர் ஊராகப் போய் வந்தாள்.

ஒவ்வொரு தடவையும் அவருக்காகக் கலவையைக் கொஞ்சம் மாற்றுவாள். ஒரு வாரம் சந்தனம், ஒரு வாரம் மல்லிகை. எதைக் கொடுத்தாலும் அவர், "பிரமாதம் மேடம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கே தெரிய நாளானது. முதலில் கண்டுபிடித்தவள் தையல்காரி.

"என்னடி, இன்னிக்கு முகத்துல தனியா ஒரு பல்பு எரியுது? ஓ, டிரைவர் வர்ற நாளா?"

"உன் வேலையைப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். ஊசியில நூல் கோக்கற கண்ணுடி இது. எதுவும் தப்பாது."

பிறகு ஒரு நாள் அவர் சொன்னார்: "மேடம், இப்பல்லாம் வீட்டுலயே நல்லாத் தூங்கறேன். இனிமே மாசத்துக்கு ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போனாப் போதும் இல்ல? உங்களுக்கு எதுக்கு வாராவாரம் தொல்லை?"

அவள் சிரித்தபடி, "ஆமாமா, தாராளமா" என்றாள். அவர் படியிறங்கிப் போனதும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தன் வேலை பலித்துவிட்டது. பலித்ததனால்தான் அவர் இனி வாராவாரம் வரப்போவதில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது?

அந்த மாதம் நீண்டுகொண்டே போனது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பது என்பார்களே, அவள் எண்ணெய்களுக்கு நடுவிலேயே அப்படி உட்கார்ந்திருந்தாள். தெருவில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போனாள். டீசல் புகையும் வெயிலில் காய்ந்த காக்கித் துணியும் கலந்து அவரோடு கூடவே வரும் அந்த நெடி, அறையில் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று நாற்காலியின் முதுகில் முகத்தை வைத்துப் பார்த்தாள். எங்கெங்கிருந்தோ வந்த பூவும் வேரும் பட்டையும் பிசினும் அவளுடைய அலமாரியில் புட்டி புட்டியாக நின்றன. அவள் தேடிய வாசனை அதில் எதிலும் இல்லை.

அடுத்த பாட்டில் வாங்க அவர் வந்தபோது, அவள் இதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். வெறும் பாதாம் எண்ணெயை நிரப்பி, பேருக்கு ஒரு சொட்டு லாவெண்டரைக் காட்டி, மூடிக் கொடுத்துவிட்டாள். தூக்கம் வராவிட்டால் மறுபடி வருவார் அல்லவா?

அவர் தலை மறைந்த மறுநிமிஷமே செய்த தப்பு அவளுக்கு உறைத்தது. அந்த மனிதர் தன் ஒருவருக்காகத் தூங்குகிறவர் இல்லை. பஸ் நிறைய ஜனம், குழந்தைகள், வளைவுகள், பாலங்கள். ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஆளைக் காணோம். போன் செய்து என்னவென்று சொல்வது? மகளின் நம்பரை எடுத்து எடுத்து வைத்தாள். டிவியில் விபத்துச் செய்தி ஓடினால் எந்த பஸ் என்று கிட்டப் போய்ப் பார்த்தாள். சாப்பாடு இறங்கவில்லை.

"பேயறைஞ்ச மாதிரி இருக்கியே, என்ன ஆச்சு?" என்று தையல்காரி கேட்டாள். இப்படி ஒன்றை எப்படிச் சொல்வது?

கடைசியில் நல்ல கலவை ஒன்றைத் தயார் செய்து, பஸ் நிலையத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டிப் பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். எதிரே அவரே படியேறி வந்துகொண்டிருந்தார். முகம் கழுவித் துடைத்தது போலத் தெளிவாக இருந்தது.

"எங்கியோ கிளம்பிட்டீங்க போலிருக்கே? சும்மா இந்தப் பக்கம் வந்தேன். சொல்லிட்டுப் போலாம்னு. இந்தத் தடவை குடுத்தீங்களே, அது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு மேடம். தடவினேன், அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம்."

உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. கூடவே, திரும்பி வந்த உயிருக்கு ரோஷமும் வந்தது. வெறும் பாதாம் எண்ணெயா எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது? அப்படியானால் அவள் வாரக்கணக்கில் மூளையைக் கசக்கிச் சேர்த்த சந்தனமும் மல்லிகையும் என்ன ஆயிற்று?

"உக்காருங்க, டீ போடறேன்" என்று உள்தடுப்புக்குப் பின்னால் போனாள். கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கில் சுரீர் என்று ஏறியது. பிளாஸ்டிக் கருகும் நெடி. ஓடி வந்தாள். ஆவி விடும் டிஃப்யூசரின் வயர், பிளக் அருகே உருகிப் புகைந்துகொண்டிருந்தது. அவருடைய முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில். அவரோ எதுவும் நடக்காதது போலச் சுவர் காலண்டரைப் பார்த்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சுவிட்சை அணைத்து, ஜன்னலைத் திறந்து, வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவள் அவரைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாத்தம் அடிக்குது... உங்களுக்குத் தெரியலையா?"

அவர் புகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காக்கிச் சட்டைக்குள் ஆள் சின்னதாகிப் போன மாதிரி இருந்தது.

"தெரியாது மேடம். எனக்கு மூக்கு போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, போகும்போது இதையும் கொண்டு போயிடுச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா வண்டியைக் குடுப்பாங்களா? பிரேக் காஞ்சா வாசனையிலதானே தெரியும். என் கண்டக்டர் நல்ல பையன். 'அண்ணே, லேசா கருகுது'ன்னு அவன்தான் சொல்லுவான். என் மூக்கு இப்ப அவன்கிட்ட இருக்கு."

"அப்ப நான் இத்தனை நாளா கலந்து குடுத்ததெல்லாம்?"

"ஒண்ணுமே தெரியாது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பொண்ணுக்காக வந்தேன். வந்து உக்காந்தா, நீங்க இவருக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு புட்டி புட்டியா எடுத்துப் பாத்துட்டு இருந்தீங்க. எனக்காக ஒருத்தர் உக்காந்து இப்படி யோசிச்சு ரொம்ப நாளாச்சு. அதைப் பாத்துக்கிட்டே இருந்தேனா, தூக்கம் வந்துடுச்சு. வீட்டுலயும் எண்ணெயைக் கையில எடுத்தா அந்த ஞாபகம் வரும், தூங்கிடுவேன். பிரமாதம்னு சொன்னது பொய் இல்ல மேடம். வாசனையைச் சொல்லல, அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கடைசியா குடுத்தது வெறும் பாதாம் எண்ணெய்" என்று போட்டு உடைத்தாள்.

"ஏன்?"

"சும்மா... சோதிச்சுப் பாக்கத்தான்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் கழித்து இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பக்கத்தில் தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

அவள் முதலில் அவரைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு அடிபட்டிருக்கிறது, மருந்தால் ஆவது ஒன்றும் இல்லை, தினமும் முகர்ந்து பழக்கிப் பாருங்கள், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று சொல்லியிருந்தார். அடுத்து, டிப்போவில் உண்மையைச் சொல்ல வைத்தாள். அதற்குத்தான் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. "ஒரு நாள் கண்டக்டருக்கு ஜலதோஷம் புடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்ட பிறகுதான் டிப்போவுக்குக் கிளம்பினார். வண்டியிலிருந்து இறக்கி, பணி ஓய்வு வரைக்கும் நேரக்காப்பாளர் அறையில் உட்கார வைத்தார்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வந்து, "மனசுல இருந்த கல்லு இறங்கிடுச்சு" என்றார்.

பயிற்சிக்கு அவள் புட்டிகளை எடுத்து வைத்தாள். கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ், ரோஜா. காலையும் மாலையும் ஒவ்வொன்றாகத் திறந்து முகர வேண்டும். சும்மா முகர்ந்தால் போதாது. அது எப்படி இருக்கும் என்று மனசுக்குள் தேடிக்கொண்டே முகர வேண்டும்.

"எப்படி மேடம் தேடறது? வராத வாசனையை?"

"கடைசியா எப்ப முகர்ந்தீங்களோ அங்க போங்க. கிராம்பு. கண்ணை மூடுங்க. எங்க இருக்கீங்க?"

அவர் கண்ணை மூடினார். "சின்ன வயசு. பல்லுவலி. எங்கம்மா கிராம்பை வெச்சுக் கடிக்கச் சொல்றா. நான் துப்பிடறேன். முதுகுல ஒண்ணு வெக்கறா."

"எலுமிச்சை?"

"அது சுலபம். பஸ்ஸுல வாந்தி வர்ற ஆளுங்க எல்லார் கையிலயும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். வளைவு வளைவா போற ரோட்டுல வண்டியே ஜூஸ் கடை மாதிரி மணக்கும். ஒரு தடவை ஒருத்தர் பழத்தை என் தலைமேல உருட்டி விட்டுட்டார்."

யூகலிப்டஸ் புட்டியை அவரே கையில் வாங்கி உருட்டினார். "என் சம்சாரத்துக்கு மழைக்காலம் வந்தா சளி புடிச்சுக்கும். வெந்நீர்ல ஊத்திப் போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்திருப்பா. நான் போர்வையைத் தூக்கி உள்ள எட்டிப் பாப்பேன். திட்டுவா. முகமெல்லாம் சிவந்து, வேர்த்து... அழகா இருப்பா."

அவள் அந்தப் புட்டியை மெல்ல மூடினாள். அவர் போய் வந்த அந்த இடத்தில் அவளுக்கு நிற்க இடமில்லை. அதற்காகக் கோபம் வரவும் இல்லை. மழைக்காலத்தில் போர்வைக்குள் எட்டிப் பார்க்க ஒரு ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்ற நினைப்பு மட்டும் அன்று முழுக்க அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"ரோஜாவுக்கு எனக்கு ஞாபகமே இல்லையே மேடம்" என்றார் அவர். "நாங்க ரோஜா வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச ஆளா? வேற ஏதாவது குடுங்களேன்."

"ரோஜாதான் வேணும். யோசிச்சுப் பாருங்க, ஏதாவது கிடைக்கும்."

சில வாரம் கழித்து அவரே சொன்னார். சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரோஜாவுக்கு நான் இந்த ரூமை வெச்சுக்கிட்டேன். புட்டியைத் திறந்ததும் இங்க வந்துடுவேன். நீங்க ஏதாவது கலந்துட்டு இருப்பீங்க."

அவளுக்குக் காது மடல் சூடானது. கையிலிருந்த சொட்டுக்குழாயிலிருந்து எத்தனை சொட்டு விழுந்தது என்பது மறந்துபோய், அன்றைக்கு ஒரு கலவையையே கொட்ட வேண்டியதாயிற்று.

மாதங்கள் போயின. ஒன்றும் வரவில்லை. இடையில் மகளிடமிருந்து செய்தி வந்தது, அவள் உண்டாகியிருக்கிறாள் என்று. அன்று அவர் வந்த வேகத்தில் தையல் கடைக்குள்ளும் நுழைந்து சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"என் பொண்ணு பிறந்தப்ப அவ உச்சந்தலையை முகர்ந்துட்டேதான் டியூட்டிக்குப் போவேன். அந்த வாசனை இருக்கே, அது வேற எதுலயும் வராது. கொஞ்ச நாள்தான் இருக்கும், அப்புறம் போயிடும். இந்தக் குழந்தையோட தலையில அது இருக்கும்போது எனக்கு மூக்கு இல்லாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு மேடம்."

அதுவரை அவருடைய மூக்குக்கு எந்த அவசரமும் இல்லை. இப்போது அவசரம் வந்துவிட்டது. கூடவே அவளுக்கு ஒன்று உறைத்தது. குழந்தை பிறந்தால் அவர் போய்விடுவார். ஓய்வு பெற்ற தாத்தா எங்கே இருப்பார்?

அது தெரிந்தும் அவள் முன்னைவிட அக்கறையாகப் பார்த்தாள். புட்டிகளைப் புதிதாக நிரப்பினாள். வராத நாளில் போன் செய்து, "காலையில முகர்ந்தீங்களா?" என்று விரட்டினாள்.

ஒரு நாள் அவர் படியில் வரும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "எல்லாம் கெட்டுப்போச்சு மேடம். டீ குடிச்சா டயர் எரியுது. சோப்பு போட்டாச் சாக்கடை அடிக்குது. உங்க கிராம்பைத் திறந்தேன், அதுலயும் டயர்தான். இதுக்கு அந்தச் சும்மா இருந்த மூக்கே தேவலை!"

அவள் கை தட்டிச் சிரித்துவிட்டாள்.

"சிரிக்கறீங்களே! நான் டீ குடிக்க முடியாம அலையறேன்."

"டயரோ சாக்கடையோ, ஏதோ ஒண்ணு தெரியுதே! நரம்பு முழிச்சுக்கிச்சு. தூக்கக் கலக்கத்துல ஆளை மாத்திக் கூப்பிடற மாதிரி, இப்ப அது உளறுது. உளறினா பேச ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். விடாதீங்க."

அவர் விடவில்லை. டயர் மெல்ல மெல்ல மங்கியது. ஆனால் அதன் இடத்தில் எதுவும் வரவில்லை. எலுமிச்சையில் மட்டும், "ஏதோ குளுகுளுன்னு இருக்கு, வாசனையா நினைப்பான்னு தெரியல" என்றார். அந்த நிலையில் அவருடைய பணி ஓய்வு நாளும் வந்தது, மகளுக்குப் பிரசவ நாளும் நெருங்கிவிட்டது.

கிளம்புகிற அன்று காலை சொல்லிக்கொள்ள வந்தார். காக்கி இல்லாமல் வெள்ளைச் சட்டையில் வேறு யாரோ போல இருந்தார். அவள் நான்கு புட்டிகளையும் பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தாள்.

"குழந்தை கைக்கு எட்டாம வைங்க."

"சரி மேடம்."

"வெயில் படக்கூடாது."

"சரி."

"மூடியை இறுக்கி மூடுங்க. இல்லேன்னா ஆவியாயிடும்."

சொல்ல இருந்தது இதெல்லாம் இல்லை. அவரும் வேறு ஏதோ சொல்ல வந்தவர் போல வாசலில் நின்று செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "வரேன் மேடம்" என்றார். அவள் தலையாட்டினாள். அவர் போன பிறகுதான் தையல்காரி உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று அவள் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

குழந்தை பிறந்தது, பெண், தாயும் சேயும் நலம் என்று ஒரு செய்தி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அவளும் கூப்பிடவில்லை. பேத்தி பிறந்த வீடு, ஆயிரம் வேலை இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவளைத் தேடி ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பரீட்சைக்குப் பயந்த பெண், முட்டிவலிக்காரர், புருஷனோடு பேசாத மனைவி. எல்லோருக்கும் ஏதோ ஒன்று கலந்து கொடுத்தாள். சாயங்காலம் கதவைப் பூட்டும்போது, தனக்கு ஒரு கலவை தேவைப்பட்டால் எதை எடுப்பது என்று யோசிப்பாள். கை எந்தப் புட்டிக்கும் போகாது.

அந்தக் காலை அவள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுத்ததும் வணக்கம்கூட இல்லை.

"வந்துடுச்சு!"

"எது?"

"வாசனை! இப்பதான், இப்பதான் மேடம். குளிப்பாட்டித் துவட்டிக் கையில குடுத்தா. சும்மா வழக்கமாத் தலைகிட்ட மூக்கைக் கொண்டு போனேன்... வந்துடுச்சு. நான் அழறதைப் பாத்துப் பொண்ணு பயந்துட்டா."

ஈரக்கையோடு அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியவில்லை. அந்த சந்தோஷத்துக்குள்ளேயே, அது தன் அறையில் வரவில்லை, எங்கோ ஒரு வீட்டில், தான் பார்க்காத ஒரு ஜன்னல் வெளிச்சத்தில் வந்திருக்கிறது என்ற வலியும் இருந்தது.

"எப்படி இருக்கு? சொல்லுங்க."

"எப்படின்னா... சூடா இஸ்திரி போட்ட துணி இருக்குல்ல, அது மாதிரி. இல்ல. பால் மாதிரி... பாலும் இல்ல. எனக்குச் சொல்ல வரல. உங்களுக்குத்தான் தெரியுமே, எந்தெந்தப் புட்டி சேந்தா அது வரும்னு."

"எனக்குத் தெரியாது" என்றாள் அவள்.

"என்னது?"

"குழந்தையோட தலையை நான் அப்படி முகர்ந்ததே இல்லை. எங்க வீட்டுல குழந்தையே இல்லை. நான் பாத்ததெல்லாம் அம்மாவோட படுக்கைதான். அந்த வாசனை எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டு, நிறுத்த முடியாமல் அடுத்ததையும் சொன்னாள். "நீங்க போனதுலேர்ந்து இங்க எதுவுமே சரியா இல்லை. உங்களைப் பாக்கணும் போல இருக்கு."

மறுமுனையில் குழந்தை சிணுங்குவது கேட்டது. யாரோ கதவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் தாழ்த்தி வந்தது. இந்தத் தடவை அதில் 'மேடம்' என்ற சொல் இல்லை.

"அப்ப வாங்க. வந்து முகர்ந்து பாருங்க. சீக்கிரம் வரணும், இது கொஞ்ச நாள்தான் இருக்கும். பொண்ணு ரொம்ப சந்தோஷப்படுவா. நானும்..." ஒரு கணம் தடுமாறிவிட்டு, சட்டென்று டிரைவராகிவிட்டார். "காலையில புறப்படற முதல் வண்டியைப் புடிங்க, அவன் நல்லா ஓட்டுவான். வலது பக்கம் உக்காராதீங்க, மத்தியானம் வரைக்கும் வெயில் அடிக்கும். பின்சக்கரத்துக்கு மேல வேண்டாம், தூக்கிப் போடும். நடுவுல, இடது பக்கம் ஜன்னல்."

சாவியைத் தையல்காரியிடம் கொடுத்தபோது அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "திரும்பி வருவியா?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம்தான்டி."

"அவசரம் இல்ல. மெதுவாவே வா. உன் கஸ்டமரையெல்லாம் நான் பாத்துக்கறேன், ஆளுக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுக் குடுத்துடறேன்."

மறுநாள் அவள் நடுவில், இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊர் முடிந்து வயல்கள் வந்தன, வயல்கள் முடிந்து பாறைகள் வந்தன. என்ன பேசுவது, எப்படி நிற்பது, அவருடைய மகள் என்ன நினைப்பாள் என்று ஒன்றும் தெரியவில்லை. இறங்கி அடுத்த வண்டியில் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு தடவை தோன்றியது. அப்போது போன் வந்தது.

"எங்க வந்திருக்கீங்க?"

"தெரியலையே. இடது பக்கம் ஒரு செங்கல் சூளை தெரியுது. பக்கத்துல ஒரு பெரிய தண்ணித்தொட்டி."

"சரி, சரி. தெரிஞ்சுடுச்சு." அவர் குரலில் இஞ்சின் உறுமுகிற மாதிரி ஒரு உற்சாகம். "இன்னும் கொஞ்ச தூரத்துல பெரிய வளைவு ஒண்ணு வரும். அதைத் தாண்டிட்டா கிட்டத்துலதான். முன் சீட்டுக் கம்பியை நல்லாப் புடிச்சுக்கோங்க."

"புடிச்சுக்கிட்டேன்" என்றாள் அவள்.

போனை வைக்காமலேயே இருவரும் காத்திருந்தார்கள். பஸ் வேகம் குறைந்து, ஹாரன் அடித்து, வளைவுக்குள் மெல்லச் சாய்ந்தது.